‘எங்க போறீங்க?’ இலிருந்து ‘ஆர் நீங்க?’ வரை: டயல்-இன் வாசலின் கதை

கம்பஸ் வைஃபையில் முதல்தரம் போனைச் சேர்க்கும்போது ஒரு படிவம் வரும். ஈ.ஏ.பி. முறை, இரண்டாம் கட்ட அங்கீகாரம், சான்றிதழ், அடையாளம், அநாமதேய அடையாளம், கடவுச்சொல். சீனியர்மார் குறூப்பில் போட்டுவிட்ட ஸ்கிரீன்ஷொட்டைப் பார்த்து அப்படியே நிரப்பிப்போட்டுப் போறதுதான் எங்கட வழக்கம். வீட்டு வைஃபைக்கு ஒரேயொரு கடவுச்சொல் காணும், இங்க மட்டும் ஏன் இவ்வளவு கேள்வி எண்டு ஒருத்தரும் கேட்கிறதில்லை.

நாங்கள் கேட்டுப் பார்த்தோம். கேள்வி எங்களை ஐம்பது வருசம் பின்னால் இழுத்துக்கொண்டு போனது. அந்தப் படிவத்துக்குப் பின்னால் நின்று பதில் சொல்வது ரேடியஸ் என்கிற ஒரு நெறிமுறை. பெயரை விரித்தால், ‘தொலைவிலிருந்து டயல் பண்ணி வரும் பாவனையாளரை உறுதிப்படுத்தும் சேவை’ என்று வரும். டயல் பண்ணி! எங்களில் ஒருவரும் இணையத்துக்கு டயல் பண்ணிப் போனதில்லை. மொடத்தின் கீச்சுச் சத்தத்தை யூடியூப்பில் கேட்டதோடு சரி. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் விரிவுரை மண்டபத்துக்குள் நுழையும்போது எங்கட போன் அந்தப் பழைய டயல்-இன் வாசலைத்தான் தட்டுகிறது.

கணினி வலையமைப்பின் முதல் வேலையே தூரத்திலிருக்கிற கணினிக்குள் நுழைவதுதான். 1969 ஒக்டோபர் 29 இரவு, லொஸ் ஏஞ்சலீசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து சார்லி கிளைன் என்ற மாணவர் ஸ்டான்போர்ட் ஆய்வு நிறுவனத்திலிருந்த கணினிக்குள் போக ‘லொகின்’ என்று தட்டச்சுச் செய்யத் தொடங்கினார். இரண்டு எழுத்தோடு அங்கிருந்த கணினி விழுந்துவிட்டது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாங்கள் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. கிளைன் யார் என்று அந்த வலையமைப்பு கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து அந்தக் கதிரையில் இருக்கக் கூடியவர் என்றாலே அவர் தெரிந்த ஆள்தான். மறுமுனையில் இருந்தவரோடு அவர் தொலைபேசியில் கதைத்துக்கொண்டும் இருந்தார்.

இந்த நிலை மாறியது 1971 இல். ஆர்பாநெட்டில் சேர்வதென்றால் அதுவரை உங்களிடம் சொந்தமாக ஒரு பெரிய கணினி இருக்கவேண்டும். பி.பி.என். என்ற கம்பனி அந்த வருடம் டிப் என்றொரு பெட்டியைக் கொண்டுவந்தது. ஹனிவெல் 316 என்ற சிறுகணினியை வைத்துச் செய்த பெட்டி. 63 டெர்மினல்கள் வரை அதில் கொழுவலாம். டெர்மினலை நேரே கொழுவத் தேவையில்லை. மொடம் வழியாக டயல் பண்ணியும் வரலாம். வீட்டிலோ வேறு ஊரிலோ இருந்துகொண்டு ஒரு இலக்கத்தை அழைத்தால் காணும், நீங்கள் நாடு முழுவதும் பரந்த ஒரு வலையமைப்பின் வாசலில் நிற்பீர்கள். அந்தப் பெட்டிக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்: எந்தக் கணினிக்குப் போகவேண்டும்? ‘எங்க போறீங்க?’ என்ற கேள்வி மட்டும். ‘ஆர் நீங்க?’ என்பதைப் போய்ச் சேரும் கணினி கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

1973 டிசம்பர் 27 இல் பொப் மெட்காஃப் எழுதிய ஒரு ஒன்றரைப் பக்கக் குறிப்பு இருக்கிறது, ஆர்.எப்.சி. 602. அந்த வருடம்தான் அவர் ஈதர்நெட்டையும் யோசித்துக்கொண்டிருந்தார். நத்தார் காலம் என்பதால் தலைப்பையும் நத்தார்ப் பாட்டொன்றின் சாயலில் வைத்திருக்கிறார். ஆனால் உள்ளே இருப்பது முறைப்பாடு. டிப் பெட்டிகளின் தொலைபேசி இலக்கங்கள் கழிவறைச் சுவரில் கிறுக்கிவிட்ட இலக்கங்கள்போல ஊரெல்லாம் சுற்றுகின்றன, பெட்டியோ ஆள் யாரென்று கேட்காமல் உள்ளே விடுகிறது என்கிறார். அந்த மாதத்தில்தான் ஒரு கணினியின் முழு அதிகாரமும் கொண்ட கடவுச்சொல், லொஸ் ஏஞ்சலீசிலிருந்த இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கையில் போய்ச் சேர்ந்திருந்தது.

உண்மையைச் சொன்னால் அந்த இரண்டு பிள்ளைகள் பக்கம்தான் எங்கட மனம் போகிறது. கணினியைக் கண்ணால் காண்பதே அபூர்வமான காலத்தில், ஒரு தொலைபேசி இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள். ஆனால் மெட்காஃப் சொன்னதும் பிழையில்லை. அந்தக் கணினிகளில் மற்றவர்களின் ஆய்வும் கடிதமும் இருந்தன.

பதில் வரப் பத்து வருடம் எடுத்தது. வந்தது பல்கலைக்கழகப் பக்கமிருந்து இல்லை. 1983 இல் ஆர்பாநெட் இரண்டாகப் பிரிந்து இராணுவப் பகுதி மில்நெட் ஆனது. அதன் டயல்-இன் பெட்டிகளுக்கென்று பி.பி.என். உருவாக்கியதுதான் டகாக்ஸ். இனிமேல் அழைப்பவர் முதலில் தன்னுடைய அடையாளப் பெயரையும் நுழைவுக் குறியீட்டையும் சொல்லவேண்டும். இதிலொரு சுவாரசியம் இருக்கிறது. பெட்டியிலும் பெயர் சொல்லி, போய்ச் சேரும் கணினியிலும் திரும்பப் பெயர் சொல்வது பாவனையாளருக்கு அலுப்பு. அதனால் 1984 டிசம்பரில் வெளிவந்த ஆர்.எப்.சி. 927, பெட்டி ஏற்கெனவே அறிந்துகொண்ட அடையாளத்தை டெல்நெட் வழியாகக் கணினிக்குக் கைமாற்றும் வழியொன்றைச் சொன்னது. ‘இவரை நாங்கள் விசாரிச்சாச்சு, நீங்கள் விடுங்கோ’ என்கிற மாதிரி. ஒருவர் விசாரித்ததை இன்னொருவர் நம்பலாம் என்ற யோசனை இங்கே எட்டிப் பார்க்கிறது.

எங்கட அம்மா அப்பாமாரைக் கேட்டால், சோதனைச்சாவடியில் இரண்டு கேள்வியும் ஒன்றாய்த்தான் வரும் என்பார்கள். எங்க போறீங்க, ஐசி எங்க. ஒரு சாவடியில் காட்டியதை அடுத்த சாவடி நம்பாது. திரும்ப இறங்கி, திரும்பக் காட்டவேண்டும். கணினி வரலாறு வாசிக்கும்போது இது ஏன் ஞாபகம் வருகிறது என்று தெரியவில்லை. ஆனால் வருகிறது.

இனி மிச்சிகனுக்குப் போவோம். கதை உண்மையில் சூடு பிடிப்பது அங்கேதான். 1966 இலேயே மிச்சிகன் பல்கலைக்கழகம், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகம், வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து மெரிட் என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தன. ஒருவரின் கணினியை மற்றவர் பாவிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். எழுபதுகளின் தொடக்கத்தில் மூன்று கம்பஸும் இணைந்துவிட்டன. அவர்களின் டயல்-இன் இலக்கத்தை அழைத்தால் திரையில் வருவதும் அதே பழைய கேள்விதான்: ‘எந்தக் கணினி?’

தூர அழைப்புக்குக் காசு கூட, உள்ளூர் அழைப்புக்குக் குறைவு. ஆகவே மெரிட் மாநிலத்தின் பல ஊர்களிலும் மொடங்களை வைத்தது. ஒரு பல்கலைக்கழக மாணவி விடுமுறைக்கு ஊருக்குப் போனால், அங்கே பக்கத்திலிருக்கிற மொடத்தை அழைத்தால் காணும். அது வேறொரு கம்பஸின் மொடமாகவும் இருக்கலாம். இப்போது சிக்கல் விளங்கும். அந்த மொடத்துக்கு இந்த மாணவியைத் தெரியாது. அவவைத் தெரிந்த கணினி நூறு மைல் தள்ளி இருக்கிறது.

1987 இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் என்.எஸ்.எப்.நெட் என்ற முதுகெலும்பு வலையமைப்பை நடத்தும் பொறுப்பு மெரிட்டிடம் வந்தது. அதன் பிறகு தன்னுடைய சொந்த நெறிமுறையில் ஓடிக்கொண்டிருந்த டயல்-இன் சேவையையும் இணைய நெறிமுறைக்கு மாற்றவேண்டிய நிலை. 1991 இல் மெரிட் தன் தேவைகளை எழுதி விற்பனையாளர்களிடம் கேட்டது. பதில் சொன்னவர்களில் லிவிங்ஸ்டன் என்ற சின்னக் கலிபோர்னியக் கம்பனியும் ஒன்று. போர்ட்மாஸ்டர் என்ற பெட்டியை விற்றுக்கொண்டிருந்தவர்கள். ஒரு பக்கம் வரிசையாக மொடங்களைக் கொழுவலாம், மறுபக்கம் வலையமைப்பு. அவர்களின் பதிலில் இருந்த யோசனைதான் ரேடியஸ். கார்ல் ரிக்னியும் ஸ்டீவ் வில்லன்ஸும் லிவிங்ஸ்டன் பக்கம். அலன் ரூபன்ஸ், ஜோன் வொல்பிரெக்ட் போன்றோர் மெரிட் பக்கம்.

யோசனை எளிமையானது. வாசலில் நிற்கும் பெட்டிக்கு ஒருவரையும் தெரியத் தேவையில்லை. பெயரையும் கடவுச்சொல்லையும் வாங்கி, தூரத்திலிருக்கிற ஒரு சேர்வரிடம் ‘விடலாமா?’ என்று கேட்டால் காணும். சேர்வர் மூன்றில் ஒன்றைச் சொல்லும்: விடு, விடாதே, இன்னொரு கேள்வி கேள். ‘விடு’ என்று சொன்னால் எங்கே விடவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லும். நூறு பெட்டியில் நூறு பெயர்ப்பட்டியல் வைத்து ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு திரிந்த வேலை ஒரே கோப்புக்குள் அடங்கியது.

அந்தக் கோப்பை நாங்கள் தேடிப் பார்த்தோம். கலைப்பீடக்காரருக்கும் விளங்கக்கூடிய சாமான்தான். முதல் வரியில் பாவனையாளரின் பெயரும் அவரைச் சோதிக்கவேண்டிய கடவுச்சொல்லும். அதற்குக் கீழே உள்தள்ளிய வரிகளில், சோதனையில் தேறினால் அவருக்குக் கொடுக்கவேண்டியவை. ‘சேவை வகை: லொகின்’ என்று ஒரு வரி. ‘போகவேண்டிய கணினி: இந்த முகவரி’ என்று ஒரு வரி. ‘லொகின் சேவை: டெல்நெட்’ என்று இன்னொரு வரி. அவ்வளவும் இருந்தால், அழைப்பவர் கடவுச்சொல்லைக் கொடுத்தவுடன் பெட்டி தானாகவே அந்தக் கணினிக்கு டெல்நெட் தொடுப்பொன்றை எடுத்து அவரை உள்ளே தள்ளிவிடும். அவர் எங்க போறார் என்று கேட்பதில்லை. ஆர் என்று தெரிந்தால், எங்க போகவேண்டும் என்பதைச் சேர்வரே தீர்மானித்துவிடுகிறது. டிப் காலத்துக் கேள்விகள் இரண்டும் இடம் மாறிவிட்டன.

கோப்பை மேலிருந்து கீழே வாசிக்கும். முதலில் பொருந்துகிற பதிவே செல்லும். அதனால் ‘மற்ற எல்லோருக்கும்’ என்ற பொதுப் பதிவைக் கடைசியில்தான் போடவேண்டும். தவறி மேலே போட்டால் கீழே இருக்கிறவர்கள் எல்லாம் இல்லாதவர்கள் மாதிரி. உள்தள்ளிய வரிகளின் முடிவில் கமா வேண்டும், கடைசி வரியில் கூடாது. ஒரு கமா விடுபட்டதால் எத்தனை பேர் இரவிரவாக முழித்திருப்பார்களோ!

நெறிமுறை ஆவணம் முறைப்படி வெளிவந்தது 1997 ஜனவரியில். இன்று செல்லுபடியாகும் வடிவம் 2000 ஜூனில் வந்த ஆர்.எப்.சி. 2865. அதில் ஒவ்வொன்றுக்கும் கொடுத்திருக்கிற எண்களே ஒரு தொல்லியல் அகழ்வு மாதிரி. லொகின் சேவைகளில் பூச்சியம் டெல்நெட், 1 ஆர்லொகின், 3 போர்ட்மாஸ்டர். ஒரு கம்பனியின் சொந்தச் சேவை, உலகத்துக்கான பொது நியமத்தில் மூன்றாம் எண்ணாக இன்னும் குந்திக்கொண்டிருக்கிறது. சேவை வகைகளில் 3 ஆவது இன்னும் வேடிக்கை. நீங்கள் அழைத்து அடையாளத்தைச் சொன்னவுடன் பெட்டி தொடர்பைத் துண்டிக்கும். பிறகு உங்களுக்கென்று பதிந்துவைத்த இலக்கத்துக்கு அதுவே திருப்பி எடுக்கும். கடவுச்சொல்லைத் திருடினாலும் உங்கட வீட்டுத் தொலைபேசியைத் திருட ஏலாதுதானே. நாங்கள் சின்னனில் மிஸ்ட் கோல் அடித்துக் காசு மிச்சம் பிடித்த தந்திரத்தை, இவர்கள் பாதுகாப்புக்கென்று நியமத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

முக்கியமான வித்தியாசம் சேவை வகை 1 இற்கும் 2 இற்கும் இடையில். 1 லொகின். அதில் உங்கட வீட்டுக் கணினி வெறும் திரையும் விசைப்பலகையும்தான். வேலை எல்லாம் தூரத்துக் கணினியில் நடக்கும். 2 வேறு கதை: பி.பி.பி. மாதிரியான நெறிமுறையொன்றின் வழியாக உங்கட கணினிக்கே ஒரு இணைய முகவரி கிடைக்கும். முதலாவதில் நீங்கள் இன்னொருவரின் வீட்டுக்குப் போகும் விருந்தாளி. இரண்டாவதில் ஊருக்குள் உங்களுக்கும் ஒரு காணித்துண்டு. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வணிக இணைய நிறுவனங்கள் உலகம் முழுக்கக் கிளம்பியபோது விற்றது இந்த இரண்டாவதைத்தான். லிவிங்ஸ்டன் தன் சேர்வர் மென்பொருளின் மூலநிரலை இலவசமாகக் கொடுத்திருந்ததால், நாலு மொடமும் ஒரு போர்ட்மாஸ்டரும் இருக்கிற ஆளும் கடை திறக்கலாம் என்ற நிலை வந்தது.

கடை திறந்தால் கணக்கும் வேண்டும். ரேடியசின் அடுத்த பாதி அதுதான். நீங்கள் உள்ளே வந்தவுடன் பெட்டி சேர்வருக்கு ‘தொடக்கம்’ என்றொரு செய்தி அனுப்பும். வெளியேறும்போது ‘முடிவு’ என்று இன்னொன்று. இடையில் எத்தனை செக்கன், எத்தனை பைட் வந்தது, எத்தனை போனது, எந்த இலக்கத்திலிருந்து அழைத்தீர்கள், எந்த முகவரி கிடைத்தது, எல்லாம் அதற்குள் இருக்கும். மணித்தியாலத்துக்குக் காசு வாங்கிய காலத்தில் இது இல்லாமல் பில் போட ஏலாது. 1996 டிசம்பரிலிருந்து அமெரிக்காவின் ஏ.ஓ.எல். மாதம் 19.95 டொலருக்கு எவ்வளவும் பாவிக்க விட்டது. மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். மணிக்கணக்குப் போய்விட்டது. ஆனால் தொடக்கமும் முடிவும் எழுதுவதை ஒருவரும் நிறுத்தவில்லை.

அது பிறகு எங்கே போய் நின்றது என்று பாருங்கள். 2006 இல் ஐரோப்பிய ஒன்றியம் தரவுத் தக்கவைப்பு ஆணையைக் கொண்டுவந்தது. நிறுவனங்கள் ஆறு மாதம் தொடக்கம் இரண்டு வருடம் வரை வைத்திருக்கவேண்டிய பட்டியலில் இருந்தவை: பாவனையாளர் அடையாளம், இணையத்துக்குள் வந்த நேரம், வெளியேறிய நேரம், கொடுக்கப்பட்ட முகவரி, டயல்-அப் என்றால் அழைத்த தொலைபேசி இலக்கம். மேலே நாங்கள் சொன்ன பட்டியலேதான்! பில் போடுவதற்காக ஒரு பொறியியலாளர் வரிசைப்படுத்திய கூறுகள், ஒன்பது பத்து வருடத்தில் கோடிக்கணக்கான ஆட்களைக் கண்காணிக்கும் சட்டத்தின் வாசகமாயின. 2014 ஏப்ரல் 8 இல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாததாக்கியது. சந்தேகமே இல்லாத எல்லோருடைய அந்தரங்க வாழ்விலும் அளவுக்கு மீறித் தலையிடுகிறது என்பது காரணம். ரிக்னியும் ஆட்களும் இதை நினைத்துச் செய்தார்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஆனால் ‘ஆர் நீங்க?’ என்ற கேள்விக்கான பதிலை ஒரே இடத்தில் சேர்த்துவைத்தால், அந்த இடத்துக்கு வேறு ஆட்களும் வந்து கதவைத் தட்டுவார்கள்.

அதே சமயம் டெல்நெட்டின் கதை முடிந்துகொண்டிருந்தது. அது கடவுச்சொல்லை மூடாமல் மறைக்காமல் அனுப்பும். 1995 இல் பின்லாந்தின் ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ வலையமைப்பில் ஒட்டுக்கேட்டுக் கடவுச்சொற்களை அள்ளியதைக் கண்ட தாத்து இலோனன், எஸ்.எஸ்.எச்.ஐ எழுதினார். தூரக் கணினிக்குள் நுழைகிறவர்கள் மெல்ல மெல்ல அதற்கு மாறிவிட்டார்கள். ரேடியஸ் மட்டும் அசையவில்லை. கடவுச்சொல்லை மறைக்க அது பாவித்த எம்.டி.5 என்ற முறை உடையக்கூடியது என்று 2004 இலேயே தெரிந்துவிட்டது. அதன் பிறகும் இருபது வருடம் ஓடியது. 2024 ஜூலையில் ஆய்வாளர்கள் சிலர், நடுவில் நின்று ‘விடாதே’ என்ற பதிலை ‘விடு’ என்று மாற்றிக் காட்டினார்கள். பேச்சுவாக்கில் பிளாஸ்ட்-ரேடியஸ் என்கிறார்கள். மொடத்தோடு செத்திருக்கவேண்டிய ஒன்று இன்னும் அவ்வளவு இடங்களில் உயிரோடு இருப்பது அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது.

சாகாததற்குக் காரணம், அந்த மிச்சிகன் மாணவியின் சிக்கல் தீராமல் இருந்ததுதான். மெரிட்டின் சேர்வர் ஒரு வேலை செய்தது. பெயருக்குப் பின்னால் ‘@’ குறியும் நிறுவனத்தின் பெயரும் இருந்தால், ‘இவர் எங்கட ஆளில்லை’ என்று திருப்பாமல் கேள்வியை அந்த நிறுவனத்தின் சேர்வருக்கே கடத்திவிடும். பதில் வந்ததும் அதை நம்பி உள்ளே விடும். 2002 இல் நெதர்லாந்தின் சர்ப்நெட்டைச் சேர்ந்த கிளாஸ் வீரெங்கா, இதையே மொடத்துக்குப் பதில் வைஃபைக்குச் செய்தால் என்ன என்று கேட்டார். அடுத்த வருடமே ஐரோப்பாவின் சில நிறுவனங்களுக்கிடையில் சோதித்துப் பார்த்தார்கள். அதுதான் எடுரோம். இப்போது நூறுக்கு மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. இலங்கையில் அதை நடத்துவது பல்கலைக்கழகங்களின் வலையமைப்பான லேர்ன்.

அதாவது யாழ்ப்பாணத்துப் பிள்ளை பேராதனைக்குப் போய்ப் போனைத் திறந்தால், பேராதனைக்கு அந்தப் பிள்ளையைத் தெரியத் தேவையில்லை. கேள்வி வீட்டுக்குப் போகும், வீடு ‘எங்கட ஆள்தான், விடுங்கோ’ என்று சொல்லும், கதவு திறக்கும். ஒரு இடத்தில் காட்டியதை மற்ற இடம் நம்புகிறது. வாசலில் நிற்கிறவருக்கு உங்கட பெயரே போகாமலும் செய்யலாம். படிவத்தில் ‘அநாமதேய அடையாளம்’ என்ற பெட்டி இருக்கிறதல்லவா, அது அதற்குத்தான். அதில் பெயரை விட்டுவிட்டு ‘@’ குறியும் கம்பஸின் முகவரியும் மட்டும் போட்டால், போகிற இடமும் இடையிலிருக்கிற சேர்வர்களும் நீங்கள் எந்தக் கம்பஸ் என்பதை மட்டும் காணும். உங்கட பெயர் மறைகுறியாக்கிய உறைக்குள் போய், வீட்டுச் சேர்வரில்தான் திறக்கும். வெறுமையாய் விட்டால் பெயர் வழிமுழுக்கத் தெரிந்துகொண்டே போகும். வீட்டுச் சேர்வரின் பதிவேட்டில் எப்படியும் எழுதப்படும்; அதற்கு மருந்தில்லை.

இதை எழுதி முடித்த அன்று கன்ரீனில் இருந்து எல்லோரும் போனை எடுத்துப் பார்த்தம். ஏழு பேரில் ஒருத்தரும் அந்தப் பெட்டியை நிரப்பியிருக்கேல்ல. ஸ்கிரீன்ஷொட்டிலும் அது வெறுமையாய்த்தான் இருந்தது. இணைப்பை அழித்துப்போட்டுத் திரும்பச் சேர்த்தம். இரண்டு பேருக்கு முதல் தரம் பிடிக்கவில்லை, முகவரியில் ஒரு புள்ளி விட்டிருந்தார்கள். பிறகு பிடித்தது. புது ஸ்கிரீன்ஷொட் குறூப்பில் போட்டிருக்கிறம்.